கங்காணியா, கண்காணியா? சபைத் தலைமை சறுக்கும் இடங்கள்

ஒரு ஞாயிறு சபையில், அப்போஸ்தலன் பவுல் எழுதிய பிலிப்பியர் நிருபத்தின் முதல் வசனத்தை வாசித்தபோது, பக்கத்து நாற்காலியில் இருந்த பெரியவர் என் காதருகே குனிந்தார். "கண்காணின்னு வருது பாருங்க. தோட்டத்துல எங்களுக்குக் கங்காணி" என்றார். சொல் ஒன்றுதான். சபையை மேற்பார்க்கிறவருக்குத் தமிழ் வேதாகமம் வைத்த பெயர் கண்காணி. மலாயா ரப்பர் தோட்டங்களுக்கு ஊரிலிருந்து ஆள் சேர்த்து வந்து வேலை வாங்கியவர் கங்காணி. வேலைக்கு இறங்கிய ஆட்களின் கணக்கில் தலைக்கு இவ்வளவு என்று அவருக்குக் காசு. 1938-இல் இந்திய அரசு தொழிலாளர்களை அனுப்புவதை நிறுத்தியதும் அந்த ஆள்சேர்ப்பு நின்றது. பழக்கம் மட்டும் சில கோலாலம்பூர் சபைகளில் இன்னும் நடமாடுகிறது.

முதலில் தலை எண்ணுவது. பிரிக்பீல்ட்ஸில் கடைவரிசை ஒன்றின் இரண்டாம் மாடியில் எங்கள் சபை கூடியது. மாடிப்படி முடிகிற இடத்தில் ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு நிற்பார். அந்த வாரம் 120 பேர் என்றால் பாஸ்டர் முகம் மலரும். 90 என்றால் பிரசங்கத்தில் சூடு ஏறும். எண்ணுவதில் தப்பில்லை, அப்போஸ்தலர் நடபடிகளே 3000 என்றும் 5000 என்றும் எண்ணுகிறது. ஆனால் எங்களிடம் புதிதாகக் கூடிய முப்பது பேரில் பாதிக்கு மேல் செந்தூலில் வேறொரு சபையிலிருந்து மனக்கசப்போடு வந்தவர்கள். ஒரு குடத்துத் தண்ணீரை இன்னொரு குடத்தில் ஊற்றிவிட்டு மழை பெய்ததாகச் சாட்சி சொன்னோம். இயேசு சொன்ன உவமையிலும் மேய்ப்பன் எண்ணுகிறான். காணாமல்போன ஒன்றைக் கண்டுபிடிக்க எண்ணுகிறான். எங்கள் நோட்டில் வந்தவர்களின் எண்ணிக்கை இருந்தது, வராதவர்களின் பெயர் எங்கும் இல்லை.

அடுத்தது எல்லாவற்றையும் ஒருவரே சுமப்பது. யாத்திராகமம் 18-இல் மோசே காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்து வழக்குத் தீர்க்கிறார். மாமனார் எத்திரோ பார்த்துவிட்டு, இப்படியே போனால் நீரும் ஜனங்களும் தொய்ந்துபோவீர்கள் என்கிறார். ஆயிரம், நூறு, ஐம்பது, பத்துப் பேருக்கு ஒரு தலைவர் என்று பிரித்துக் கொடுக்கும் யோசனை அவருடையது. பவுலும் பிலிப்பி பட்டணத்துக்கு எழுதும்போது 'கண்காணிகள்' என்று பன்மையில்தான் எழுதுகிறார். எங்கள் பாஸ்டர் பேராசைக்காரர் அல்ல. சாவிக்கொத்து அவர் இடுப்பிலேயே இருந்ததற்குக் காரணம் நாங்கள்தான். மின்விசிறி ஓடவில்லையா, "பாஸ்டர் பார்த்துக்குவாரு". ஒரு சனிக்கிழமை அவர் ஆஸ்பத்திரியில் யாருக்கோ ஜெபிக்கப் போயிருந்தார். வாலிபர் கூட்டத்துக்கு வந்த பிள்ளைகள் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு பூட்டிய கிரில் கதவுக்கு வெளியே படியில் உட்கார்ந்திருந்தார்கள், ஒன்றரை மணி நேரம். அடுத்த சனிக்கிழமை பாதிப்பேர் வரவில்லை.

என் கணக்கில் எல்லாவற்றிலும் பெரிய தவறு, முறுமுறுப்பைக் கலகம் என்று எடுத்துக்கொள்வது. யாராவது கேள்வி கேட்டால் உடனே, மோசேயை எதிர்த்து எழும்பிய கோராகின் கதை வரும், இல்லையென்றால் 'அபிஷேகம்பண்ணப்பட்டவரைத் தொடாதே' என்ற வசனம். அது 105-ஆம் சங்கீதத்தில் உள்ளது. ஆபிரகாமின் குடும்பம் தேசம்விட்டுத் தேசம் அலைந்தபோது ராஜாக்கள் அவர்களுக்குத் தீங்கு செய்யாதபடி தேவன் காத்ததைப் பாடுகிறது. சபைக் கணக்கைக் காட்டச் சொன்னவருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். பந்தி விசாரணையில், அதாவது அன்றாடச் சாப்பாட்டைப் பங்கிடுவதில், தங்கள் விதவைகளைக் கவனிக்கவில்லை என்று கிரேக்க மொழி பேசியவர்கள் முறுமுறுத்தார்கள். பன்னிருவர் யாரையும் அதட்டவில்லை. நற்சாட்சி பெற்ற ஏழு பேரை நீங்களே தெரிந்தெடுங்கள் என்றார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன தரப்பின் கையிலேயே பொறுப்பு போயிருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. அதற்கப்புறம் சீஷருடைய தொகை எருசலேமில் மிகவும் பெருகியது என்று லூக்கா எழுதுகிறார்.

நம் சபைகளிலும் மொழிதான் சண்டை. தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளைகளுக்காகப் பாட்டு வரிகளை ரோமன் எழுத்திலும் திரையில் போடச் சொன்னபோது, மூத்தவர்கள் தமிழ் போச்சு என்றார்கள். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்திருந்த தம்பிகளோ, ஞாயிறு காலை லீவு கிடைக்காது, மாலையில் ஓர் ஆராதனை வேண்டும் என்றார்கள். இப்படிக் கேட்ட இரண்டு தரப்பிலும் ஒருவர்கூடக் கமிட்டியில் இல்லை.

காணிக்கை விஷயத்தில் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எருசலேமுக்காகப் பணம் சேர்த்தபோது, ஒருவரும் குற்றம் சொல்லாதபடிக்கு, தீத்துவோடு சபைகள் தெரிந்துகொண்ட ஒருவரையும் பவுல் சேர்த்து அனுப்பினார். அந்தப் பவுலுக்கே சாட்சி தேவைப்பட்டது. இரண்டு மூன்று பேர் எண்ணிக் கையெழுத்துப் போடட்டும், வீட்டார் மட்டும் எண்ண வேண்டாம். நன்றாகப் பாடுகிறார் என்பதற்காக நேற்று வந்தவரை மூப்பராக்குவதும் வேண்டாம். நூதன சீஷன் கூடாது என்று தீமோத்தேயுவுக்கு எழுதியிருக்கிறது.

படியில் உட்கார்ந்திருந்த அந்தப் பிள்ளைகளைத் தேடிப் போனவரும் பாஸ்டர்தான். திரும்பி வந்து, கீழே கடைகளுக்கு முன்னாலுள்ள ஐந்தடி நடைபாதையில் சாவி வெட்டுகிறவரிடம் நான்கு செட் வெட்டினார். ஒன்று, ரோமன் எழுத்துக்காக அதிகம் சத்தம் போட்ட பெண்ணுக்கு. மாலை ஆராதனை கேட்ட தம்பிகளுக்கு ஒன்று. முதல் ஞாயிறு அந்தப் பெண் தாமதமாக வந்தாள். பாஸ்டர் எங்களோடு வெளியே நின்று தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தார்.