டைல்ஸ் போட ஆள் பேசுகிறீர்களா? ரேட்டுக்கு முன்னால் அளவைப் பேசுங்கள்

மதுரையில் எங்கள் பழைய வீட்டின் ஹால், சமையலறை, குளியலறை மூன்றுக்கும் டைல்ஸ் போட்டு முடித்ததிலிருந்து, தெரிந்தவர்கள் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி "சதுர அடிக்கு எவ்வளவு கொடுத்தீங்க?" என்பதுதான். அந்த ரேட் ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறும். அந்தச் சதுர அடியை எப்படி அளந்தார்கள் என்பதை யாருமே கேட்பதில்லை. பில் ஏறுவது அங்கேதான். அதனால் அந்தப் படியை மட்டும் இங்கே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

படி 1: ஆளைப் பார்ப்பதற்கு முன் அவர் போட்ட வேலையைப் பாருங்கள்

டைல்ஸ் கடையில் கேட்டால் நாலு மேஸ்திரிகளின் நம்பர் தருவார்கள். வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் நேற்று முடித்த வீட்டைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். புதுத் தரை எல்லாமே பளபளப்பாகத்தான் இருக்கும். ஒரு வருடமாவது புழங்கிய வீட்டைக் காட்டச் சொல்லுங்கள். அங்கே குளியலறை மூலையில் தண்ணீர் தேங்கிய கறை இருக்கிறதா என்று பாருங்கள். வாசலில் நுழைந்ததும் கண்ணில் படும் இடத்தில் முழு டைல்ஸும், கட்டிலுக்கு அடியில் போகும் பக்கம் வெட்டுத் துண்டும் வந்திருந்தால், போட்டவர் யோசித்துப் போட்டிருக்கிறார் என்று அர்த்தம். ஒரு நாணயத்தால் மூலைகளைத் தட்டுங்கள். 'டொப்' என்று வெற்றுச் சத்தம் வந்தால் அடியில் பிடிமானம் இல்லை.

பூச்சு வேலை பார்க்கும் கொத்தனாரிடமே டைல்ஸையும் சேர்த்துக் கொடுத்துவிடும் வழக்கம் நம் ஊரில் அதிகம். நான் அதைச் செய்யமாட்டேன். டைல்ஸ் மட்டுமே போடுகிறவரின் கை வேறு.

படி 2: அளவு

"அண்ணே, அளவு எப்படி எடுப்பீங்க? தரையை டேப் வெச்சு அளப்பீங்களா, டைல்ஸை எண்ணுவீங்களா?" இதை முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

காரணம் இருக்கிறது. நாம் 2க்கு 2 என்று சொல்லும் டைல்ஸ் உண்மையில் 600 மில்லிமீட்டர். 2 அடி என்றால் 609 மில்லிமீட்டருக்கும் மேல். ஆக ஒரு டைல்ஸ் 4 சதுர அடி கிடையாது, சுமார் 3.87தான். எண்ணிக்கை முறையில் 100 டைல்ஸை 400 சதுர அடி என்று போடுவார்கள். டேப்பில் அளந்தால் 387 சொச்சம் வரும். வெட்டி வீணான துண்டும் எண்ணிக்கையில் முழு டைல்ஸாகவே சேரும். டேப் அளவுதான் சரி. தரை எவ்வளவோ, அவ்வளவுக்கே கூலி.

சுவரில் இன்னொரு விஷயம் உண்டு. 5க்கு 7 அடி குளியலறையில் 7 அடி உயரத்துக்கு டைல்ஸ் போடுவதாக வைத்துக்கொள்வோம். சுற்றளவு 24 அடி, 7 ஆல் பெருக்கினால் 168 சதுர அடி. இரண்டரை அடிக் கதவும் ஒரு சின்ன ஜன்னலும் சேர்ந்து இதில் 20 சதுர அடி போய்விடும். அதைக் கழிப்பார்களா, மாட்டார்களா? "ஓரம் வெட்டுற வேலை இருக்கு, கழிக்கமாட்டோம்" என்று சிலர் சொல்வார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது. எது என்றாலும் வேலை தொடங்கும் முன் பேசி முடித்துவிடுங்கள்.

அப்புறம், ரேட்டுக்குள் அடங்காமல் தனியாக வருபவை. ஸ்கர்ட்டிங், அதாவது சுவரின் அடியில் ஓடும் பட்டை, ஓட்ட அடிக் கணக்கு; அகலம் பார்க்காமல் நீளத்தை மட்டும் அளப்பது. படிக்கட்டு ஓரம், கிரானைட் மேடை ஓரம் உருட்டுவதும் ஓட்ட அடிதான். மூலையில் இரண்டு டைல்ஸ் சேர 45 டிகிரி வெட்டு, மாடிக்குச் சுமப்பது, பழைய தரையைக் கொத்திக் குப்பை அள்ளுவது, ஜாயின்ட் அடைப்பது, கட்டிங் பிளேடு வாங்குவது என்று எல்லாவற்றையும் கேளுங்கள். எங்களுக்கு ஆகக் குறைந்த ரேட் சொன்னவரின் கணக்கில் இவை எதுவுமே இல்லை. கூட்டிப் பார்த்தபோது அவர்தான் அதிகம்.

பேசியதை ஒரு தாளில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு, போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல மேஸ்திரி இதற்குக் கோபித்துக்கொள்ளமாட்டார். அவருக்கும் அது பாதுகாப்பு.

படி 3: பெட்டி வாங்குவது

2க்கு 2 டைல்ஸ் பெட்டியில் பொதுவாக 4 இருக்கும், அதாவது 15.5 சதுர அடி. 400 சதுர அடி ஹாலுக்கு 16 ஆல் வகுத்து 25 பெட்டி வாங்கினால் பற்றாது. 10 சதவீதம் சேர்த்து 440ஐ 15.5 ஆல் வகுங்கள், 29 பெட்டி. ஸ்கர்ட்டிங்குக்கு ஒரு டைல்ஸிலிருந்து 4 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான பட்டை ஆறு கிடைக்கும், கிட்டத்தட்ட 12 ஓட்ட அடி. அதைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இறக்கும்போதே எல்லாப் பெட்டியிலும் பேட்ச் எண்ணும் ஷேடும் ஒன்றுதானா என்று பாருங்கள். குறைந்துபோய் அடுத்த மாதம் வாங்கினால் அதே டிசைனில் நிறம் ஒரு பொட்டு மாறிவிடும். வெயில் படும்போது தெரியும்.

படி 4: போடும் நாளில்

செராமிக் சுவர் டைல்ஸ் தண்ணீர் உறிஞ்சும். சிமென்ட் பாலில் ஒட்டினால் முதலில் ஊறவைக்க வேண்டும். தரைக்குப் போடும் விட்ரிஃபைட் டைல்ஸ் அரை சதவீதம்கூட உறிஞ்சாது, அதனால் சிமென்ட் பால் அதைச் சரியாகப் பிடிக்காது. அதற்கு டைல்ஸ் பசைதான். மூட்டையில் டைப் எண் அச்சிட்டிருப்பார்கள்; விட்ரிஃபைடுக்கு டைப் 2க்குக் குறைய வேண்டாம். டைல்ஸின் பின்பக்க வெள்ளைப் பொடியை ஈரத்துணியால் துடைத்துவிட்டு ஒட்டச் சொல்லுங்கள்.

ஐந்து இடத்தில் பசை உருண்டை வைத்து அமுக்குவதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். மூலை காலியாக நின்று, ஒரு பாத்திரம் விழுந்தால் அங்கேதான் உடையும். பல் கரணையால் முழுக்கப் பரப்ப வேண்டும். டைல்ஸுக்கு நடுவே இடைவெளி விட வைக்கும் ஸ்பேசர் 2 மில்லிமீட்டராவது வையுங்கள். குளியலறை ஜாயின்ட்டை அடைக்க எபாக்சி கலவை. விலை கூட, ஆனால் எளிதில் கறுக்காது.

குளியலறையில் வாட்டம்தான் உயிர். தண்ணீர் வெளியேறும் டிராப்பை நோக்கி 5 அடிக்கு ஓர் அங்குலமாவது இறங்க வேண்டும். கலவைத் தளம் போட்டதும் ரசமட்டம் வைத்து நீங்களே பாருங்கள். டைல்ஸ் ஒட்டிய பிறகு வாட்டத்தைத் திருத்த வேண்டுமென்றால் உடைக்கத்தான் வேண்டும்.

படி 5: பணம்

அட்வான்ஸ் சிறிதாக, பிறகு வேலை நகர நகர. கடைசி 10 சதவீதத்தை, தரையில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி அது தேங்காமல் போவதைப் பார்த்த பிறகு கொடுங்கள். இதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள். பார்த்தாகிவிட்டதென்றால் அன்றைக்கே கொடுத்துவிடுங்கள், இழுக்காதீர்கள்.

பிற்சேர்க்கை: பழைய தரை மேலேயே போடலாமா என்று படித்தவர்கள் கேட்டார்கள். பழைய தரை தட்டினால் திடமாக இருந்தால் போடலாம். பசை டைப் 3 வேண்டும். தரை அரை அங்குலத்துக்கு மேல் உயரும் என்பதால் எல்லாக் கதவையும் திறந்து அடியில் எவ்வளவு இடைவெளி என்று முன்பே அளந்துகொள்ளுங்கள். கதவைக் கழற்றிச் சீவும் தச்சர் கூலி மேஸ்திரியின் கணக்கில் வராது. ஒருவர் வீட்டில் ஹால் உயர்ந்து, குளியலறைக்கும் ஹாலுக்கும் இருந்த இறக்கம் மாறிவிட்டதாம். ஹால், குளியலறை இரண்டையும் மாற்றுவதாக இருந்தால், இரண்டின் மட்டத்தையும் ஒரே நாளில் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.