தலைவிளக்கு பேட்டரியைப் பார்சல் போடுவதற்கு முன்: யூஎன் 38.3 பற்றி ஒரு செய்முறை விளக்கம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எனக்கு ஒரு சின்னக் கடை. கைப்பேசி பழுது, பவர் பேங்க், பால்மரம் வெட்டப் போகிறவர்கள் நெற்றியில் கட்டும் தலைவிளக்கு, இவைதான் வியாபாரம். சுற்றியிருக்கும் தோட்டங்களில் விடிவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடும். அதனால் தலைவிளக்கு பேட்டரி மட்டும் எந்தக் காலத்திலும் விற்கும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு அக்கா வந்தார். மகனுக்குக் கடல் தாண்டி சபாவில் தாவாவ் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் வேலை, விளக்குக்கு ஆறு பேட்டரி அனுப்ப வேண்டும் என்றார். பழைய லேப்டாப்பிலிருந்து எடுத்த செல்களை இரண்டிரண்டாகச் சேர்த்து, நிக்கல் பட்டை ஒட்டி, நீல உறை சுருக்கி, நானே ஆறு பேக் செய்து பார்சல் கடைக்குக் கொண்டுபோனேன். கவுண்டரில் இருந்த பெண், "அண்ணே, இதுக்கு டெஸ்ட் சம்மரி இருக்கா?" என்று கேட்டார். திருதிருவென்று விழித்தேன். யூஎன் 38.3 என்ற ஐநா பாதுகாப்புச் சோதனைகளைப் பேட்டரி தாண்டியதற்கான சுருக்க அறிக்கையைத்தான் கேட்கிறார் என்று அப்போது தெரியாது. பார்சல் திரும்பி வந்தது. தப்பு என்னுடையதுதான். அன்றிலிருந்து படித்துத் தெரிந்துகொண்டதை, இப்போதுதான் ஆன்லைனில் விற்கத் தொடங்கும் தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன்.

படி 1: வாட்-மணியைக் கணக்குப் போடுங்கள்

லித்தியம் பேட்டரி அனுப்பும் விதிகள் இந்த ஒரு எண்ணில்தான் தொடங்குகின்றன. பேட்டரியில் எவ்வளவு மின்சக்தி அடங்கியிருக்கிறது என்பதன் அளவு இது. வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கினால் வாட்-மணி கிடைக்கும். 20,000 மில்லி ஆம்பியர்-மணி பவர் பேங்க் என்றால் 20 ஆம்பியர்-மணி பெருக்கல் 3.7 வோல்ட், அதாவது 74 வாட்-மணி. 30,000 என்றால் 111. தலைவிளக்கில் போடும் 2,600 மில்லி ஆம்பியர்-மணி செல் ஒன்றுக்கு 9.62.

ஒரு செல்லுக்கு 20, பல செல் சேர்ந்த பேட்டரிக்கு 100 வாட்-மணி. இந்த இரண்டு வரம்புக்குள் இருந்தால் விதிகள் கொஞ்சம் இளகும். பயணிகள் கையில் கொண்டுபோகும் பவர் பேங்குக்கும் 100தான் கோடு. 100க்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். பவர் பேங்கை லக்கேஜில் போட்டு உள்ளே அனுப்பவே கூடாது, கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

கணக்குப் போடும்போதே ஒரு திருட்டும் பிடிபடும். இரவுச் சந்தையில் 9,900 மில்லி ஆம்பியர்-மணி என்று அச்சடித்த 18650 செல்கள் (18 மில்லிமீட்டர் தடிப்பு, 65 மில்லிமீட்டர் நீள உருளைகள்) கிடைக்கும். அந்த அளவுக் குழாயில் நல்ல செல்லுக்கே அதிகபட்சம் 3,500ஐ ஒட்டித்தான் வரும். சந்தேகம் வந்தால் தராசில் வையுங்கள். நல்ல செல் 45 கிராமை ஒட்டி நிற்கும். நான் ஒருமுறை நிறுத்தது 28 கிராம். உறையைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே குட்டிச் செல் ஒன்று, மீதி இடத்தில் வெள்ளைப் பொடி!

படி 2: உங்கள் சாமான் எந்த எண்ணில் வருகிறது?

ஆபத்தான சரக்கு ஒவ்வொன்றுக்கும் ஐநாவின் அடையாள எண் ஒன்று உண்டு. லித்தியம் அயன் பேட்டரி தனியாகப் போனால் யூஎன் 3480. சாதனத்துக்குள் பொருத்தியோ சாதனத்தோடு ஒரே பெட்டியில் வைத்தோ போனால் யூஎன் 3481. சார்ஜ் ஏற்ற முடியாத லித்தியம் மெட்டல் வகைக்கு 3090, 3091.

புதியவர்கள் சறுக்குவது பவர் பேங்கில். அதைச் சாதனம் என்று நினைத்து 3481 எழுதிவிடுவார்கள். அது வெறும் பேட்டரி, 3480தான். 2016 ஏப்ரல் 1 முதல் 3480 வகை, பயணிகள் விமானத்தில் சரக்காக ஏறக்கூடாது. சரக்கு விமானத்தில் போனாலும் சார்ஜ் 30 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது, அனுப்புகிறவர் முறையான பயிற்சி எடுத்திருக்க வேண்டும். நம்மைப் போன்ற சில்லறைக் கடைக்கு இது ஒத்துவராது. சபா, சரவாக்கிற்குத் தனி பேட்டரி என்றால் கப்பல் வழி எடுத்துப்போகும் நிறுவனத்தைத் தேடுங்கள். நாள் பிடிக்கும், பரவாயில்லை.

இவ்வளவு கெடுபிடி ஏன் என்று கேட்டால், 2010 செப்டம்பர் 3 அன்று துபாயில் ஒரு சரக்கு விமானம் விழுந்து விமானிகள் இருவரும் இறந்தார்கள். தீ பிடித்தது லித்தியம் பேட்டரிகள் இருந்த சரக்குப் பகுதியில்.

படி 3: டெஸ்ட் சம்மரியைக் கேட்டு வாங்குங்கள்

ஐநாவின் சோதனைக் கையேட்டில் 38.3 என்ற பகுதியில் உள்ள சோதனைகளைத் தாண்டாத லித்தியம் செல்லோ பேட்டரியோ விற்பனைக்காக லாரியிலும் கப்பலிலும் விமானத்திலும் போகக்கூடாது. தாண்டியதற்கான சுருக்க அறிக்கையைத் தயாரிப்பாளர்கள் கேட்கிறவர்களுக்குக் கொடுத்தாக வேண்டும். 2020 ஜனவரி 1 முதல் இது கட்டாயம். பேட்டரியின் மேல் இருக்கும் சிஈ (CE) என்ற ஐரோப்பியத் தர முத்திரை இதற்குப் பதில் ஆகாது.

தாள் கைக்கு வந்ததும் தயாரிப்பாளர் பெயர், சோதனைக்கூடத்தின் பெயர், அறிக்கை எண், தேதி, மாடல் எண், வாட்-மணி, எந்தெந்தச் சோதனை, அதன் முடிவு, பொறுப்பாளரின் பெயரும் பதவியும் எல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். மாடல் எண் உங்கள் கையிலிருக்கும் பேட்டரியோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். மொத்த வியாபாரி வேறு மாடலின் தாளை வாட்ஸ்அப்பில் தட்டிவிடுவது சகஜம்.

படி 4: அந்த எட்டுச் சோதனைகளும் என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்

மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஆனால் ஒருமுறை படித்துவிட்டால் பேட்டரியைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும்.

முதலில் உயரம். காற்றழுத்தத்தை 11.6 கிலோபாஸ்கலுக்கு இறக்கி ஆறு மணி நேரம் வைப்பார்கள். ஏறக்குறைய 15 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் அழுத்தம் அது. இரண்டாவது வெப்பம்: 72 டிகிரியில் ஆறு மணி நேரம், உடனே மைனஸ் 40ல் ஆறு மணி நேரம், இப்படிப் பத்துத் தடவை. பெரிய பேட்டரி என்றால் ஆறுக்குப் பதில் பன்னிரண்டு மணி நேரம். மூன்றாவது அதிர்வு, ஒவ்வொரு திசையிலும் மூன்று மணி நேரம். தோட்டத்துச் செம்மண் பாதையில் லாரியில் போனவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நான்காவது அதிர்ச்சி: சிறிய பேட்டரிக்கு புவியீர்ப்பைப் போல் 150 மடங்கு, மொத்தம் பதினெட்டு அடி. இந்த நான்கிலும் கசியக்கூடாது, புகையக்கூடாது, வெடிக்கக்கூடாது, வோல்ட்டும் முன்பிருந்ததில் 90 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது.

ஐந்தாவது ஷார்ட் சர்க்கியூட். இங்கேதான் நெருக்குகிறார்கள். முதல் நான்கில் அடிபட்ட அதே பேட்டரியை 57 டிகிரிக்குச் சூடாக்கி, இரண்டு முனைகளையும் 0.1 ஓமுக்கும் குறைந்த தடையால் இணைப்பார்கள். மேல் சூடு 170 டிகிரியைத் தாண்டக்கூடாது, தீயும் பிடிக்கக்கூடாது.

ஆறாவது செல்லுக்கு. 18650 போன்ற உருளை செல்லின் மேல் ஒரு கம்பியைக் குறுக்கே வைத்து 9.1 கிலோ எடையை 61 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து போடுவார்கள். தட்டையான செல்லை நசுக்குவார்கள். ஏழாவது அளவுக்கு மீறிய சார்ஜ், எட்டாவது வலுக்கட்டாயமாகச் சார்ஜை இறக்குவது.

இந்தச் சோதனை ஒரு வடிவமைப்புக்குத்தான். செல் தனியாகத் தேறியிருந்தாலும் அவற்றைச் சேர்த்துக் கட்டிய பேக் தனியாகத் தேற வேண்டும். நான் ஒட்டிய அந்த ஆறு பேக்குகளில் இருந்த செல்கள் ஒருகாலத்தில் நல்ல கம்பெனிச் செல்கள்தான். ஆனால் பேக் நான் கண்டுபிடித்த புது வடிவம், எந்தக் கூடத்தையும் பார்க்காதது. கடையில் பேக் கட்டித் தருகிற தம்பிகள் உள்ளூர் ஆளுக்குக் கையில் கொடுப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், பார்சல் வேண்டாம்.

படி 5: பார்சலைக் கட்டுங்கள்

ஒவ்வொரு பேட்டரியும் தனித்தனி பிளாஸ்டிக் பையில். முனைகளில் டேப். சாவி, ஸ்க்ரூ, சில்லறை எதுவும் கூட வரக்கூடாது. பெட்டி 1.2 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் உள்ளே ஒன்றோடொன்று முட்டக்கூடாது, எனவே இடுக்குகளை அடைத்துவிடுங்கள். வெளியே லித்தியம் பேட்டரி முத்திரையில் யூஎன் எண்ணைக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒட்டுங்கள். பேட்டரி உள்ளே பொருத்திய ஓரிரு தலைவிளக்குக்கு முத்திரை இல்லாமலே விதி இடம் தருகிறது. ஆனாலும் பார்சல் நிறுவனத்தின் சொந்த விதி இதைவிட இறுக்கமாக இருக்கலாம், முதலில் கேட்டுவிடுங்கள். உப்பிய, நசுங்கிய, நனைந்த பேட்டரியைக் கட்டவே கட்டாதீர்கள். அது விமானத்தில் எந்த வகையிலும் ஏறாது.

அக்காவின் மகனுக்கு, தாள் உள்ள புது பேட்டரி ஆறு வாங்கிக் கப்பல் வழியாக அனுப்பினேன். என் கைவண்ணத்தில் உருவான நீல பேக்குகளைப் பிரித்துப் பார்த்ததில் இரண்டு செல் லேசாகக் கசிந்திருந்தது. இப்போது மணல் போட்ட பழைய பால் வாளி ஒன்றில், கடைக்குப் பின்னால், மின்கழிவு எடுப்பவருக்காகக் காத்திருக்கின்றன.