மார்கழிக் குளிரில் மூவரசர் ரொட்டி

மூவரசர் என்றும் அழைக்கப்படும் ஞானிகள் மூவர் குழந்தை இயேசுவைக் கண்டு வணங்கியதை நினைவுகூரும் திருக்காட்சிப் பெருவிழாவுக்காக, ஸ்பெயினிலும் மெக்சிகோவிலும் பழத்துண்டுகள் பதித்த வளைய வடிவ இனிப்பு ரொட்டி ஒன்றைச் செய்கிறார்கள். கிருஷ்ணகிரி, தர்மபுரி வீடுகளில் இதைச் செய்ய நினைப்பவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது குளிரைத்தான். விழா நாளான ஜனவரி 6 நமக்கு மார்கழியின் பிற்பகுதி என்பதால், குறிப்பாக ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம், சமையலறை மேடையில் வைத்த மாவு எளிதில் எழும்பாது.

அரை கிலோ மைதாவுடன் 100 கிராம் சர்க்கரை, 7 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட், ஒரு தேக்கரண்டி உப்பு ஆகியவற்றைக் கலந்து, 2 முட்டைகளையும் 150 மில்லி வெதுவெதுப்பான பாலையும் சேர்த்துப் பிசையவும். ஸ்பெயினில் மணத்துக்கு ஆரஞ்சுப் பூநீர் சேர்ப்பார்கள். இங்கே அது எளிதில் கிடைக்காது. பன்னீரை ஊற்றினால் ரோஜா வாசனையே மேலோங்கிவிடும் என்பதால், இந்தப் பருவத்தில் தாராளமாகக் கிடைக்கும் கமலா ஆரஞ்சை உரிக்காமல், தோலின் நிறமுள்ள பகுதியை மட்டும் துருவிச் சேர்ப்பதே மேல். உள்ளிருக்கும் வெள்ளைப் பகுதி கசக்கும்.

மாவு ஒன்றுசேர்ந்த பிறகுதான் 100 கிராம் மென்மையான வெண்ணெயைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். அப்போது மாவு பிசுபிசுவென்று கையெல்லாம் ஒட்டும். பயந்து மைதாவைத் தூவினால் ரொட்டி கட்டியாகிவிடும். கால் மணி நேரம் விடாமல் பிசைந்தால் ஒட்டுவது குறைந்து, ஒரு சிறு துண்டை விரல்களால் விரித்தால் கிழியாமல் மறுபக்க வெளிச்சம் தெரியும் அளவுக்கு மெல்லிய சவ்வாக நீளும். அதுவே பதம்.

மூடிய பாத்திரத்தை, அணைத்த ஓவனுக்குள் ஒரு கிண்ணம் கொதிநீருடன் வைக்கவும். இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம். கடிகாரத்தைப் பார்க்காமல், மாவு இரு மடங்கானதா என்று பாருங்கள். பிறகு காற்றை அழுத்தி வெளியேற்றி, உருண்டையின் நடுவில் துளையிட்டு அகலமாக விரித்துத் தட்டில் வைத்து, துளை மூடாதிருக்க வெண்ணெய் தடவிய சிறு எவர்சில்வர் டம்ளரை நடுவில் நிறுத்தவும். மீண்டும் ஒரு மணி நேரம் உப்பியதும் முட்டை பூசி, டூட்டி ஃப்ரூட்டி, செர்ரி, ஈரச் சர்க்கரை ஆகியவற்றை மேலே பதித்து, 180 டிகிரியில் 25 முதல் 30 நிமிடம் வரை சுடவும். மேற்பகுதி விரைவில் சிவந்தால் அலுமினியத் தாளால் மூடலாம்.

ஸ்பெயினில் ரொட்டிக்குள் ஒரு சிறு பொம்மையையும் காய்ந்த அவரை விதையையும் ஒளித்துவைப்பார்கள். விதை யார் துண்டில் வருகிறதோ அவர் ரொட்டிக்குப் பணம் தர வேண்டும். மெக்சிகோவில் குழந்தைப் பொம்மை கிடைத்தவர், பிப்ரவரி 2 அன்று மக்காச்சோள மாவை மடலில் பொதிந்து வேகவைத்த ‘தமாலே’ செய்து விருந்தளிப்பார். நம் வீட்டில் காய்ந்த மொச்சை ஒன்று போதும். ரொட்டி ஆறிய பின் அடிப்பக்கமாகக் கீறிச் செருகுங்கள். பிளாஸ்டிக் பொம்மையை எக்காரணம் கொண்டும் உள்ளே வைத்துச் சுடக் கூடாது. விதை இருப்பதைச் சாப்பிடுவதற்கு முன்பே எல்லோரிடமும் சொல்லிவிட வேண்டும். சிறு குழந்தைகளின் துண்டைப் பெரியவர்கள் பிட்டுப் பார்த்துக் கொடுப்பது நல்லது.

செய்த அன்றே இதன் மென்மை சிறப்பாக இருக்கும். மிஞ்சியதை மறுநாள் தோசைக்கல்லில் நெய்விட்டு இருபுறமும் வாட்டிச் சாப்பிடலாம்.