மௌனப்பட நடிகரின் வாழ்க்கையைத் தொகுப்பது எப்படி? பிராங்கோ பில்லி ஆண்டர்சனை வைத்து ஒரு செய்முறை

கௌபாய் படங்களின் முதல் நட்சத்திரம் பிராங்கோ பில்லி ஆண்டர்சன். ஜான் வேயினையும் கிளின்ட் ஈஸ்ட்வுட்டையும் அறிந்த நம் வாசகர்களில் பலர் இவர் பெயரைக் கேள்விப்பட்டதில்லை. இவரைப் பற்றி எழுத நினைப்பவர்கள் ஏதாவது ஓர் இணையப் பக்கத்தைத் திறந்து, இருப்பதை அப்படியே தமிழாக்கி முடித்துவிடுகிறார்கள். அங்கே இருக்கும் பிழையும் சேர்ந்தே தமிழுக்கு வந்துவிடுகிறது. இவருடைய காலவரிசையைத் தொகுக்க நான் பின்பற்றிய வழி இது. அந்தக் காலத்து எந்த நடிகருக்கும் பொருந்தும்.

படி 1: பெயர்களைத் திரட்டுங்கள்

1880 மார்ச் 21 அன்று, ஆர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில், ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். வீட்டில் வைத்த பெயர் மேக்ஸ்வெல் ஹென்றி அரோன்சன். திரைத்தொழிலில் கில்பர்ட் எம். ஆண்டர்சன், அச்சில் பல இடங்களில் ஜி. எம். ஆண்டர்சன், ரசிகர்களுக்குப் பிராங்கோ பில்லி. ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தேடுங்கள். ஆங்கிலத்தில் 'பிராங்கோ' என்பதை இன்று 'எச்' இல்லாமல் (Bronco) எழுதுவது வழக்கம். இவர் பெயரில் மட்டும் 'எச்' உண்டு (Broncho). அந்த எழுத்தைச் சேர்த்தும் ஒருமுறை தேடிவிடுங்கள்.

படி 2: அட்டவணை போடுங்கள்

குறிப்பேட்டுச் செயலிகள் இந்த வேலைக்கு உதவாது என்பது என் உறுதியான கருத்து. சாதாரண விரிதாள் போதும். தேதி, படம் அல்லது நிகழ்வு, ஊர், அவர் செய்த வேலை, சான்று என்று ஐந்து பத்திகள் இருக்கட்டும். 'வேலை' என்ற பத்தியை விட்டுவிடாதீர்கள். ஆண்டர்சன் நடிகர் மட்டுமல்லர். எழுதினார், இயக்கினார், தயாரித்தார். தேதிப்படி வரிசைப்படுத்தியதும் முரண்பாடுகள் தாமாகவே கண்ணில் படும்.

படி 3: 1903ஆம் ஆண்டுப் படத்தை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்

பெரும்பாலோர் தடுமாறும் இடம் இதுதான். எடிசன் நிறுவனத்துக்காக எட்வின் எஸ். போர்ட்டர் எடுத்த 'தி கிரேட் டிரெயின் ராபரி' என்ற படத்தில்தான் ஆண்டர்சனின் பெயர் வரலாற்றில் ஏறுகிறது. கதை அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் நடக்கிறது. எடுத்தது பெரும்பாலும் நியூ ஜெர்சியில். திரையில் நடிகர்களின் பெயர் வராது. அன்றைக்கு அந்த வழக்கமே இல்லை.

இந்தப் படத்தில் மீசைக்காரக் கொள்ளையன் ஒருவன் நம்மை நேராகப் பார்த்துத் துப்பாக்கியால் சுடுவான். அந்தக் காட்சியின் புகைப்படத்தைப் போட்டு 'ஆண்டர்சன்' என்று கீழே எழுதிய கட்டுரைகள் ஏராளம். அது தவறு. அவர் ஜஸ்டஸ் டி. பார்ன்ஸ். ஆண்டர்சன் ஏற்றவை சிறு வேடங்கள். ரயிலை விட்டு இறக்கிக் கைகளை உயர்த்தி நிற்கவைத்த பயணிகளில் ஒருவன் தப்பி ஓடுவான், முதுகில் குண்டு பாய்ந்து விழுவான். அது அவர்தான். நடன அரங்கில், காலடியில் சுட்டு ஆடவைக்கப்படும் புதியவனும் அவரே. கொள்ளையர்களில் ஒருவராகவும் வருகிறார்.

கணினியில் காணொளி ஓட்டும் செயலியான விஎல்சி பிளேயரில் பாருங்கள். ஆங்கில 'ஈ' (E) விசையை அழுத்தினால் ஒவ்வொரு சட்டமாக (ஃபிரேம்) நகரும். உலாவியிலேயே ஓட்டிப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள்.

துப்பாக்கிக் காட்சி உங்கள் பிரதியில் முதலில் வந்தாலும் கடைசியில் வந்தாலும் பிரதியைச் சந்தேகிக்க வேண்டாம். எந்தப் பக்கம் வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம் என்று எடிசன் நிறுவனத்தின் விற்பனைப் பட்டியலே சொன்னது.

படி 4: அன்றைய பத்திரிகைகளுக்குப் போங்கள்

1907இல் ஜார்ஜ் கே. ஸ்பூருடன் சேர்ந்து சிகாகோவில் எஸ்ஸனே என்ற படநிறுவனத்தைத் தொடங்கினார் ஆண்டர்சன். 1910இல் 'பிராங்கோ பில்லிஸ் ரிடெம்ப்ஷன்' வந்தது. அதன்பின் ஒரே ஃபிலிம் சுருளில் அடங்கும் குறும்படங்கள் அடுக்கடுக்காக வெளியாயின. 1912 முதல் கலிஃபோர்னியாவின் நைல்ஸ் என்ற சிற்றூர் அவருடைய தளமானது. பல படங்கள் அழிந்துவிட்டன. நைட்ரேட் ஃபிலிம் எளிதில் தீப்பற்றும், வைத்திருந்தாலும் சிதையும். எனவே 'மூவிங் பிக்சர் வேர்ல்டு' போன்ற வாராந்தர வணிக இதழ்களே முதன்மைச் சான்று. இவற்றை 'லேன்டர்ன்' என்ற தேடுதளத்தில் இலவசமாகத் தேடலாம். பிற்கால நேர்காணல்களைவிட இந்த இதழ்களையே நான் நம்புகிறேன். தேதி விஷயத்தில் முதுமையின் நினைவு தடுமாறும்; அந்த வாரம் அச்சான விளம்பரம் தடுமாறாது.

இன்னொன்று: பிராங்கோ பில்லி ஒரு படத்தில் சட்டத்துக்குப் பயந்து ஓடி ஒளிபவன், இன்னொன்றில் ஷெரீஃப். கதைகளுக்குள் தொடர்ச்சி கிடையாது. பாத்திரத்தின் கதையை நடிகரின் கதையோடு கலந்துவிடாதீர்கள். கெட்டவனுக்குள்ளும் ஒரு நல்ல மனம் உண்டு என்று காட்டும் கௌபாய் நாயகனைத் திரையில் வேரூன்றச் செய்தவர் இவர். இன்னொரு மௌனப்படக் கௌபாய் நட்சத்திரமான வில்லியம் எஸ். ஹார்ட் 1914இல் திரைக்கு வருவதற்கு முன்பே அந்த வார்ப்பு தயாராகிவிட்டது. இவருக்கு உரிய பெருமை இன்னும் கிடைக்கவில்லை என்பது என் வருத்தம்.

1915ஆம் ஆண்டுக்குச் சாப்ளினுக்கென ஒரு வரிசை சேருங்கள். அவர் எஸ்ஸனேயில் இருந்த ஆண்டு அது. அவருடைய 'தி டிராம்ப்' படம் உருவானது நைல்ஸில்தான்.

படி 5: 1916க்குப் பிறகும் தொடருங்கள்

பங்கை ஸ்பூரிடம் விற்றுவிட்டு ஆண்டர்சன் விலகியது 1916இல். பல கட்டுரைகள் இங்கேயே நின்றுவிடுகின்றன. 1920களின் தொடக்கத்தில் நகைச்சுவை நடிகர் ஸ்டான் லாரலை வைத்து நகைச்சுவைப் படங்கள் தயாரித்தார். பிறகு நெடுங்கால மௌனம். 1958இல் கௌரவ ஆஸ்கர் விருது. 1965இல் 'தி பவுன்டி கில்லர்' படத்தில் சிறு வேடம். 1971 ஜனவரி 20 அன்று, 90 வயதில் காலமானார்.

பின்சேர்க்கை

பதிவைப் படித்த சிலர், ஒரே படம் ஓரிடத்தில் 12 நிமிடம், இன்னோரிடத்தில் 8 நிமிடம் என்று இருக்கிறதே, எது முழுமையான பிரதி என்று கேட்டிருந்தார்கள். வெட்டப்பட்டதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஓட்டும் வேகம் மாறியிருக்கலாம். 35 மி.மீ. ஃபிலிமில் ஓர் அடிக்கு 16 சட்டங்கள். 'தி கிரேட் டிரெயின் ராபரி' 740 அடி. வினாடிக்கு 16 சட்டங்கள் என்றால் 12 நிமிடத்துக்குச் சற்று அதிகம். 24 என்றால் 8 நிமிடத்தைச் சற்றே தாண்டும். ஆகவே அட்டவணையில் ஆறாவதாக ஒரு பத்தி சேர்த்து, நீளத்தை அடிக்கணக்கில் எழுதுங்கள். ஆட்கள் துள்ளித் துள்ளி ஓடும் பிரதி கிடைத்தால், விஎல்சியில் வேகத்தை 0.67 ஆகக் குறைத்துப் பாருங்கள், நடை இயல்பாகிவிடும்.