பழைய மஸ்டாங் வாங்கப் போகிறீர்களா? ஆறு சிலிண்டர்க்காரன் சொல்வதையும் கேளுங்கள்

மிச்சிகனில் கேன்டன், டிராய் பக்கம் இருக்கும் நம்மவர்களில் யாருக்காவது பழைய கார் ஆசை வந்தால் போன் எனக்குத்தான் வரும். "வி8 மஸ்டாங் நல்லதா ஒண்ணு என்ன விலைக்குக் கிடைக்கும்?" என்று ஆரம்பிப்பார்கள். என் பதில் பலருக்குப் பிடிக்காது. முதல் காருக்கு வி8, அதாவது எட்டு சிலிண்டர் இன்ஜின், வேண்டாம். 1965 அல்லது 1966 மாடல், ஹார்டாப் (மடங்காத தகரக் கூரை), 200 கன அங்குல ஆறு சிலிண்டர் இன்ஜின் உள்ளதைத் தேடுங்கள். தகரம் நன்றாக இருந்தால் வாங்குங்கள். வாங்கிய பிறகு அதை ஆறு சிலிண்டராகவே விட்டுவிடுங்கள்.

எண்ணிக்கையைப் பாருங்கள். 1965 மாடலில் 6,80,989 மஸ்டாங்குகள், 1966 மாடலில் 6,07,568. ஃபோர்டு இவ்வளவு கார்களைச் செய்து தள்ளியதால்தான் கதவுப் பிடியிலிருந்து தரைத் தகடு வரை எல்லாமே இன்றும் புதிதாக அச்சடித்து விற்கிறார்கள். அதே காலத்து வேறு பல கார்களுக்கு ஒரு டெயில் லைட் கண்ணாடிக்கே ஊர் ஊராக அலைய வேண்டும். அதோடு, வி8 மேல் எல்லோருக்கும் மோகம் இருப்பதால் சிக்ஸ், அதாவது ஆறு சிலிண்டர் காரின் விலை குறைவு. மிச்சமாகும் பணம் வெல்டிங்குக்கு ஆகும்.

சரி, ஒரு காரைப் பார்க்கப் போகிறீர்கள். விற்பவர் கதை சொல்ல ஆரம்பிப்பார்: பாட்டி வைத்திருந்த கார், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு மட்டும் போன கார். தலையாட்டிக்கொண்டே பானெட்டைத் திறக்கச் சொல்லுங்கள். ஓட்டுநர் பக்க உள் மட்கார்டின் மேல் விளிம்பில் ஓர் எண் குத்தியிருக்கும். என் காரில் அது 6ஆர்07டி என்று தொடங்கும், பின்னால் ஆறு இலக்கம். முதல் இலக்கம் மாடல் ஆண்டு: 6 என்றால் 1966. அடுத்த எழுத்து ஆலை: எஃப் என்றால் டியர்பார்ன், ஆர் என்றால் கலிஃபோர்னியாவின் சான் ஹோசே, டி என்றால் நியூ ஜெர்சியின் மெட்டச்சன். 07 ஹார்டாப், 08 கூரை மடங்கும் கன்வர்ட்டிபிள், 09 கூரை பின்பக்கம் சரிந்திறங்கும் ஃபாஸ்ட்பேக். அதற்கடுத்த எழுத்துதான் இன்ஜின். டி, அதாவது டைகரில் வரும் டி, 200 கன அங்குல சிக்ஸ். சி என்றால் 289 வி8 இரண்டு பேரல் (கார்புரேட்டரில் இரண்டு காற்றுத் துளைகள்), ஏ என்றால் நான்கு பேரல், கே என்றால் 271 குதிரைசக்தி 289. இந்த ‘கே’ வந்துவிட்டால் விலை எங்கோ போய்விடும், பொய்யும் கூடவே ஏறும்.

இதே எண் ஓட்டுநர் கதவின் பின்விளிம்பில் ரிவெட் அடித்த தகட்டிலும் இருக்கும். அதில் பாடி, வண்ணம், உள்ளலங்காரம், தேதி, ஆக்சில், கியர்பாக்ஸ் குறியீடுகள் வரிசையாக உண்டு. 65ஏ சாதாரண ஹார்டாப். வண்ணத்தில் எம் என்றால் விம்பிள்டன் ஒயிட், ஏ என்றால் ரேவன் பிளாக். தேதி 12சி என்றிருந்தால் மார்ச் 12. ஜனவரிக்கு ஏ என்று தொடங்கி வரும் வரிசையில் ஐ எழுத்தை மட்டும் விட்டுவிடுவார்கள். ஆனால் இந்தக் கதவுத் தகட்டைப் புதிதாக அடித்துத் தருபவர்கள் இருக்கிறார்கள், கதவே வேறு காருடையதாகவும் இருக்கலாம். அதனால் மட்கார்டில் குத்திய எண், தகட்டு எண், உரிமைப் பத்திரமான டைட்டிலில் உள்ள எண் மூன்றும் ஒன்றாக இருந்தால் மட்டும் பேச்சைத் தொடருங்கள். எண்ணை அழிப்பதும் மாற்றுவதும் இங்கே ஃபெடரல் குற்றம். "பத்திரம் தொலைஞ்சு போச்சு, பிறகு பார்த்துக்கலாம்" என்றால் வணக்கம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

1967 முதல் வந்த ஃபோர்டுகளுக்கு, காசு கட்டினால் உற்பத்திப் பதிவிலிருந்து மார்ட்டி ரிப்போர்ட் என்ற அறிக்கை வாங்கலாம். 65, 66-க்கு அந்த வசதி இல்லை. காரே என்ன சொல்கிறது என்று நாம்தான் படிக்க வேண்டும்.

படிக்க ஒரு சுலபமான இடம் சக்கரம். தொழிற்சாலையிலிருந்து சிக்ஸாக வந்த காருக்குச் சக்கரத்தில் நான்கு நட்டு, வி8-க்கு ஐந்து. வி8 இன்ஜின் உட்கார்ந்திருக்கும் காரில் நான்கு நட்டு கண்ணில் பட்டால், யாரோ இன்ஜினை மட்டும் மாற்றிவிட்டு, 9 அங்குல முன் பிரேக் டிரம்மையும் மெலிந்த பின் ஆக்சிலையும் அப்படியே விட்டுவிட்டார் என்று பொருள். அந்தக் காரை ஓட்டியும் பார்க்காதீர்கள். ஒழுங்காக மாற்றுவதென்றால் ஸ்பிண்டில், டிரம், ஆக்சில், ஸ்டியரிங் கம்பிகள், ஸ்பிரிங், ரேடியேட்டர் எல்லாம் மாற வேண்டும். அந்தச் செலவில் இன்னொரு சிக்ஸ் மஸ்டாங்கே வாங்கிவிடலாம்.

65-ஆ 66-ஆ என்பது முகத்திலேயே தெரியும். 65-இல் கிரில் தேன்கூடு வலை, குதிரைச் சின்னத்திலிருந்து நாலா பக்கமும் பட்டை ஓடும். 66-இல் கிடைமட்டக் கோடுகள், குதிரை தனியாக மிதக்கும். உள்ளே, சாதாரண 65-க்கு நீளவாக்கில் ஸ்பீடோமீட்டர். 66-க்கு ஐந்து வட்ட மீட்டர்கள். ‘64½’ என்று சிலர் கூடுதல் விலை கேட்பார்கள். 1964 ஏப்ரல் 17-இல் அறிமுகமானதிலிருந்து அந்தக் கோடை வரை வந்தவை அவை. ஃபோர்டு கணக்கில் அவையும் 1965 மாடல்தான். ஆல்டர்னேட்டருக்குப் பதில் டைனமோ இருந்தால் நம்பலாம், யாரும் பிடுங்கி மாற்றாத வரை. மைல் மீட்டரை மட்டும் நம்பவே வேண்டாம். ஐந்து இலக்கம்தான், 99,999-க்குப் பிறகு மறுபடி பூஜ்யம்.

இப்போது துரு. இந்தக் காரின் உண்மையான விலை இன்ஜினில் இல்லை, கவுலில் இருக்கிறது. முன்கண்ணாடிக்கு அடியில், வைப்பருக்குப் பக்கத்தில் காற்று உள்ளே போக வரிசையாகத் துளைகள் இருக்கும். அதற்குக் கீழே ஒரு பெட்டி, அதுதான் கவுல். மழைநீர் அதற்குள் இறங்கி, மட்கார்டுக்குப் பின்னால் வழிந்து வெளியேற வேண்டும். அறுபது வருட இலைச்சருகு அதில் மக்கிக் கிடக்கும், காற்றுக்குழாயைச் சுற்றியுள்ள தகடு சல்லடையாகியிருக்கும், வெளியிலிருந்து ஒன்றும் தெரியாது. எனவே தண்ணீர் ஊற்றித்தான் பார்க்க வேண்டும். இதற்கு இரண்டு பேர் தேவை. தரைக் கார்ப்பெட்டைத் தூக்கிவிட்டு, டாஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்து டார்ச்சோடு மல்லாந்து படுங்கள். இன்னொருவர் துளைகள் மேல் ஜக்கால் மெதுவாக ஊற்றட்டும், முதலில் ஒரு பக்கம், பிறகு மறுபக்கம்.

"அப்பா, இன்னும் ஊத்தவா?" என்று, ஒருமுறை இப்படிப் பார்க்கும்போது என் மகள் மேலிருந்து கேட்டாள். "ஊத்தும்மா, மெதுவா." அதற்குள் ஹீட்டர் ஓரமாக ஒரு துளி திரண்டு, தயங்கி, நேராக என் காலரில் விழுந்தது. பிறகு இன்னொன்று. விலையைக் குறைக்க இதைவிட நல்ல வாதம் கிடையாது. விற்பவரும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கவுலை முறையாகச் சரிசெய்ய மேல் தகட்டின் ஸ்பாட் வெல்டுகளை ஒவ்வொன்றாகத் துளையிட்டு எடுத்துத் திறக்க வேண்டும். கீழிருந்து பிளாஸ்டிக் மூடி ஒட்டி, சீலன்ட் பூசி ஒப்பேற்றியிருந்தால் அது மூடிய துரு, சரிசெய்த துரு அல்ல.

மற்ற இடங்களைச் சீக்கிரம் பார்த்துவிடலாம். பாட்டரிக்கு அடியில் உள்ள தகடு, ஆசிட் தின்றிருக்கும். முன்தரை, பின்தரை. கதவுக்குக் கீழே ஓடும் ராக்கர். பின்சக்கரத்துக்கு மேல் வளைவு: அங்கே துணி சுற்றிய காந்தத்தை ஓட்டுங்கள், ஒட்டாத இடமெல்லாம் பட்டி பூசி மறைத்தது. கதவைத் திறந்து மூடுங்கள். கன்வர்ட்டிபிளில் கதவு உரசினால் அடிச்சட்டமே தொய்ந்திருக்கிறது, ஓடிவிடுங்கள். எண்ணில் ஆர் இருந்தால் ‘கலிஃபோர்னியா கார், துருவே இருக்காது’ என்பார்கள். சான் ஹோசேயில் பிறந்தது உண்மை. மிச்சிகனின் உப்புச் சாலையில் எத்தனை பனிக்காலம் ஓடியது என்பதை அந்த எழுத்து சொல்லாது.

வாங்கி வந்தாயிற்று. உடனே சாவியைத் திருகாதீர்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு, ஒரு நாள் ஊறட்டும். பிறகு கையால் இன்ஜினைச் சுற்றிப் பாருங்கள். பெட்ரோல் டேங்க்கை மோந்தாலே தெரியும். பழைய பெயின்ட் கடை வாசனை வந்தால் டேங்க்கே புதிதாகப் போடுங்கள், விலை அதிகமில்லை. இந்தக் காரில் டேங்க்கின் மேல்பக்கம்தான் டிக்கியின் தரை, அதனால் கழற்றுவதும் எளிது. ரப்பர் பெட்ரோல் குழாய்களை எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றுங்கள்.

அடுத்தது பிரேக், இதில் பிடிவாதமாக இருப்பேன். 1966 வரை, பிரேக் எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் ஒரே சுற்றுதான். எங்காவது ஒரு குழாய் விட்டுப்போனால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போச்சு. 1967 முதல் வந்த இரட்டைச் சுற்று ரகத்தை மாட்டுங்கள். ‘ஒரிஜினாலிட்டி போயிடுமே’ என்பவர்கள் கண்காட்சியில் நிறுத்தி வைப்பவர்கள், நாம் சாலையில் ஓட்டப்போகிறோம். பழைய பிரேக் ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். தூசியைக் காற்றடித்து ஊதாமல் நனைத்துத் துடையுங்கள்.

தரைத் தகடு மாற்றும்போது இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் வெட்டாதீர்கள். கதவு வாசலில் குறுக்குக் கம்பி பற்றவைத்த பிறகே வெட்டலாம், இல்லையென்றால் உடம்பு கோணிக்கொள்ளும். மெல்லிய கம்பி போட்ட மிக் வெல்டரால் இங்கே ஒரு பொட்டு, அங்கே ஒரு பொட்டு என்று தள்ளித் தள்ளி வையுங்கள். ஒரே கோடாக இழுத்தால் தகடு அப்பளமாக நெளியும்.

சிக்ஸ்காரர்கள் பலர் இடறும் இடம் கார்புரேட்டர். ஆட்டோலைட் 1100 கார்புரேட்டரும், அதற்கு ஜோடியாகச் சிலிண்டர்களுக்குத் தீப்பொறியைப் பங்கிடும் லோட்-ஓ-மேட்டிக் டிஸ்ட்ரிபியூட்டரும் சேர்ந்தே வேலை செய்பவை. வேகம் கூடும்போது தீப்பொறியை முன்தள்ள மற்ற டிஸ்ட்ரிபியூட்டர்களில் சுழலும் எடைகள் இருக்கும், இதில் கிடையாது. வெறும் வேக்குவம்தான் தள்ளுகிறது, அதை அளந்து கொடுப்பது கார்புரேட்டர் பக்கவாட்டில் திருகியிருக்கும் ஒரு சிறு வால்வு. யாராவது அந்த வால்வு இல்லாத கார்புரேட்டரை மாட்டியிருந்தால் கார் இழுக்காது, சூடாகும், பெட்ரோல் குடிக்கும். நீங்களும் டைமிங்கைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டே இருப்பீர்கள். இரண்டையும் ஜோடியாக வையுங்கள், அல்லது 1968-க்குப் பிந்தைய எடை வைத்த டிஸ்ட்ரிபியூட்டரையும் அதற்கேற்ற கார்புரேட்டரையும் சேர்த்தே மாற்றுங்கள். தீப்பொறி வரிசை 1-5-3-6-2-4.

பெயின்ட்டைத் தெரிந்தவரிடம் விடுங்கள். வீட்டில் செய்யக்கூடியது தேய்ப்பதும், எபாக்சி பிரைமர் அடிப்பதும் வரைதான். அதற்கும் நல்ல முகக்கவசம் வேண்டும், பழைய பெயின்ட்டில் ஈயம் உண்டு.

மிச்சிகனில் 25 வயது தாண்டிய காருக்கு ஹிஸ்டாரிக் நம்பர் பிளேட் வாங்கலாம். கிளப், ஊர்வலம், கண்காட்சி, மெக்கானிக்கல் சோதனை இவற்றுக்குத்தான் ஓட்ட அனுமதி; ஆகஸ்ட் மாதம் மட்டும் அந்தக் கட்டுப்பாடு இல்லை. அந்த மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமைதான் பழைய கார்கள் திரளும் உட்வர்ட் டிரீம் குரூஸ், 1995-இல் தொடங்கியது. போவதென்றால் ரேடியேட்டரைக் கழுவி, தெர்மோஸ்டாட்டைச் சோதித்துவிட்டுப் போங்கள். உட்வர்ட் அவென்யூவில் அன்று கார்கள் நகர்வதைவிட நிற்பது அதிகம். டிக்கியில் ஒரு கேலன் கூலன்ட்டும் இருக்கட்டும், உங்களுக்குத் தேவைப்படாவிட்டாலும் முன்னால் நிற்கும் வி8-க்குத் தேவைப்படும்.