செஸ் பலகையும் பார்பெல்லும்: தோட்டப்புற ஊரில் இரண்டையும் நடத்துவது எப்படி

மலேசியாவில் சுங்கை சிப்புட், பீடோர், கோலக்கெட்டில் என்று எந்தத் தோட்டப்புற ஊரை எடுத்தாலும் பிள்ளைகளுக்கு இரண்டே முத்திரைதான். செஸ், கணினி, ரோபோட், மாங்கா என்று இருந்தால் "படிக்கிற பையன், காத்தடிச்சா விழுந்துருவான்". கை கொஞ்சம் தடித்துவிட்டால் "இவன் எந்தக் கும்பல்டா?" பெண் பிள்ளை டம்பெல்லைத் தொட்டால் அதற்குத் தனிப் பஞ்சாயத்து.

இந்தப் பேச்சுக்கு நம் நாட்டிலேயே ஒரு பழைய பதில் இருக்கிறது. டாக்டர் எம். ஜெகதீசன் 1966 பேங்காக் ஆசிய விளையாட்டில் 100 மீட்டர், 200 மீட்டர், 4×100 மீட்டர் மூன்றிலும் தங்கம் வாங்கினார். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 வினாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனை 2017 வரை நின்றது. அவர் மருத்துவர், பிறகு மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இயக்குநர். படிப்பு ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம் என்று அவர் பிரித்து வைக்கவில்லை.

நீங்களும் பிரிக்க வேண்டாம். கணக்குப் போடும் புத்தி, குறிப்பெடுக்கும் பழக்கம், விதியை மீறாமல் ஆடும் பொறுமை எல்லாம் பளுப் பயிற்சிக்கு அப்படியே வேண்டிய குணங்கள். ஜிம்மில் பாதிப் பேரிடம் இல்லாததும் அவைதான்.

அட்டவணை

வாரம் மூன்று நாள், இரண்டு வகைப் பயிற்சி, மாறி மாறி. முதல் வகையில் ஸ்குவாட் (பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது), பெஞ்ச் பிரஸ் (மல்லாந்து படுத்து நெஞ்சிலிருந்து மேலே தள்ளுவது), பார்பெல் ரோ (குனிந்து நின்று வயிற்றை நோக்கி இழுப்பது). இரண்டாவதில் ஸ்குவாட், ஓவர்ஹெட் பிரஸ் (நின்றபடி தலைக்கு மேல் தூக்குவது), டெட்லிஃப்ட் (தரையிலிருந்து இடுப்புவரை தூக்கி நிமிர்வது). எல்லாம் 3 செட், செட்டுக்கு 5 முறை. டெட்லிஃப்ட் மட்டும் 5 முறைக்கு ஒரே செட் போதும். தட்டு மாட்டாத வெறும் 20 கிலோ பாரில் தொடங்குங்கள். ஒவ்வொரு பயிற்சி நாளும் ஸ்குவாட்டுக்கு 2.5 கிலோ, டெட்லிஃப்டுக்கு 5 கிலோ கூட்டுங்கள். ஒரே எடையில் அடுத்தடுத்து மூன்று நாள் தோற்றால் 10 விழுக்காடு குறைத்து மறுபடி ஏறுங்கள்.

கையால் தள்ளித் தூக்கும் பயிற்சிகளில்தான் சிக்கல் முதலில் வரும். ஜிம்மில் கிடைக்கும் ஆகச் சிறிய தட்டு பெரும்பாலும் 1.25 கிலோ. இரு பக்கமும் போட்டால் 2.5 கிலோ. 80 கிலோ ஸ்குவாட்டில் அது 3 விழுக்காடு, 30 கிலோ ஓவர்ஹெட் பிரஸ்ஸில் 8 விழுக்காடு. அதனால்தான் தோளுக்கு மேல் தூக்கும் எடை இரண்டு மாதத்தில் முட்டி நிற்கிறது. ஹார்ட்வேர் கடையில் பெரிய இரும்பு வாஷர்களை வாங்கி, சமையல் தராசில் நிறுத்து, அரை அரை கிலோவாகக் கம்பியில் கோர்த்துக்கொள்ளுங்கள். பக்கத்துக்கு ஒன்று மாட்டினால் 1 கிலோ கூடும். பையில் போட்டுக் கொண்டுபோகலாம். ஜிம்காரர் சிரிப்பார், சிரிக்கட்டும்.

தனியாக பெஞ்ச் பிரஸ் செய்யும்போது பாரின் முனையில் கிளிப் போடாதீர்கள். பார் நெஞ்சில் அமர்ந்துவிட்டால் ஒரு பக்கம் சாய்த்துத் தட்டுகளை நழுவவிட்டுத் தப்பிக்க அதுதான் வழி. கண்ணாடி அணிபவர்கள் பின்னால் ரப்பர் பட்டை மாட்டிக்கொள்ளுங்கள். வியர்வையில் கண்ணாடி நழுவுவது எப்போதும் பார் கைக்கு வந்த பிறகுதான்.

கணக்குப் புத்தகம்

கணினிப் பிள்ளைகள் இங்கேதான் அதிகமாக ஆடிவிடுகிறார்கள். இருபது பத்தியுள்ள அட்டவணை, வண்ண வரைபடம், மூன்றாம் வாரம் யாரும் அதைத் திறப்பதில்லை. தேதி, பயிற்சி, எடை, முறை, கடைசி செட்டில் இன்னும் எத்தனை முறை மிச்சம் இருந்தது: ஐந்து பத்தி போதும். ஆறாவதாகத் தூங்கிய மணி நேரத்தைச் சேர்த்தால், எடை ஏன் ஏறவில்லை என்ற கேள்விக்குப் பாதி நாள் பதில் அங்கேயே கிடக்கும்.

ஒரே முறை தூக்கக்கூடிய உச்ச எடையைத் தூக்கிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. முறை எண்ணிக்கையை 30-ஆல் வகுத்து, 1 கூட்டி, எடையால் பெருக்குங்கள். 60 கிலோவை 5 முறை தூக்கினால் 70 கிலோ. இது எப்லி சூத்திரம். 10 முறைக்கு மேல் போனால் இந்தக் கணக்கு நம்பத்தக்கதல்ல. உடல் எடையையும் தினசரி எண்ணாகப் பார்க்காதீர்கள். ஏழு நாள் சராசரியைப் பாருங்கள். முதல் நாள் இரவு சாப்பிட்ட மீ கோரேங்கின் உப்பே காலையில் தராசைத் தூக்கிக் காட்டும்.

விளையாட்டில் வருவதுபோல் புள்ளி, லெவல் வைத்துக்கொள்வதில் தப்பில்லை. ஆனால் புள்ளியை எடைக்குக் கொடுக்காதீர்கள். கொடுத்தால் முதுகு வளைந்து, பாதி தூரம் இறங்கி, லெவல் மட்டும் ஏறும். வந்ததற்கு ஒரு புள்ளி, எழுதியதற்கு ஒரு புள்ளி, அவ்வளவுதான். பகடையும் அப்படியே: முக்கியப் பயிற்சிகளைப் பகடையிடம் விடக்கூடாது, எடை படிப்படியாக ஏறுவதே அங்கே வேலை. கடைசிப் பத்து நிமிடத்துக்கு ஆறு துணைப் பயிற்சிகளை எண் போட்டு எழுதி, பகடை உருட்டி இரண்டைச் செய்யுங்கள். சலிப்புத் தட்டாது.

செட்டுக்கு நடுவே 3 நிமிட ஓய்வுக்குச் செஸ் கடிகாரத்தையே வைக்கலாம். இரண்டு பேர் பயிற்சி செய்தால் ஆளுக்கொரு பக்கம்: தூக்கி முடித்தவர் பொத்தானை அழுத்த, அடுத்தவர் நேரம் ஓடும். ஓய்வில் செஸ் புதிர் போடுபவர்கள் காகிதத்தில் அச்சடித்த, இரண்டு நகர்வில் மேட் ஆகும் எளிய புதிர்களையே கொண்டுபோங்கள். கடினமான புதிர் ஓய்வை எட்டு நிமிடமாக்கும், கைப்பேசியில் போட்டால் இருபது நிமிடமாகும். எஸ்.பி.எம். தேர்வு எழுதும் பிள்ளைகளுக்குச் சரித்திரக் குறிப்பு அட்டை இன்னும் நல்லது.

ஜிம் இல்லாத ஊரில்

பெரிய ஊருக்குப் பஸ் பிடிக்க முடியாதவர்கள் தட்டுகளைச் சிமெண்டில் வார்க்கலாம். சாதாரண கான்கிரீட் ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 2.4 கிராம். 30 செ.மீ. விட்டம், 6 செ.மீ. தடிப்புள்ள வட்டத்தின் கன அளவு ஏறக்குறைய 4,240 கன செ.மீ., அதாவது 10 கிலோவுக்குச் சற்று மேல். நடுத் துளையைக் கழித்தால் பத்தில் வந்து நிற்கும்.

பெயிண்ட் வாளியின் அடிப்பாகத்தை வெட்டி அச்சாக்குங்கள். உள்ளே பழைய சமையல் எண்ணெய் தடவுங்கள், தடவாவிட்டால் தட்டு கழன்று வராது. நடுவில், உங்கள் பார் நுழையும் அளவைவிடச் சற்றுப் பெரிய பி.வி.சி. குழாய்த் துண்டை நேராக நிறுத்துங்கள். சிமெண்ட் 1, மணல் 2, பொடிக்கல் 3 பங்கு. தண்ணீரைக் குறைவாக விடுங்கள். குழம்பாகக் கரைத்தால் பலம் போய்விடும். பாதி ஊற்றி, கோழிவலைக் கம்பியை வட்டமாக வெட்டி வைத்து, மீதியை ஊற்றுங்கள். அச்சின் பக்கத்தைக் கட்டையால் தட்டினால் காற்றுக் குமிழ் வெளியேறும். இரண்டு நாள் கழித்து அச்சிலிருந்து எடுத்து, ஈரச் சாக்கில் சுற்றி ஏழு நாள் நனைத்துக்கொண்டே இருங்கள். முழுப் பலம் வர 28 நாள் ஆகும். அவசரப்பட்டு வெயிலில் காயவைத்த தட்டுதான் முதல் வாரமே விளிம்பில் பிளக்கும். ஈரச் சிமெண்ட் தோலை அரிக்கும், கையுறை கட்டாயம்.

காய்ந்ததும் நிறுத்துப் பார்த்து, வந்த எடையைத் தட்டின் மேலேயே பெயிண்டில் எழுதுங்கள். 9.7 வந்தால் 9.7 என்றே எழுத வேண்டும், பத்து என்று அல்ல.

பாருக்கு ஒரு அங்குல ஜி.ஐ. பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) போதும், ஆனால் 40 கிலோவரைதான். அது பார்பெல்லாகச் செய்யப்பட்டதல்ல. வளைந்துவிட்டால் நிமிர்த்தப் பார்க்காமல் தூக்கிப் போடுங்கள். முகத்துக்கு மேலோ முதுகிலோ அதை வைக்க வேண்டாம், ரோ, டெட்லிஃப்ட் போதும். இன்னொன்று: ஒலிம்பிக் தட்டு 45 செ.மீ. விட்டம், பார் தரையிலிருந்து 22.5 செ.மீ. உயரத்தில் இருக்கும். உங்கள் 30 செ.மீ. தட்டில் 15 செ.மீ. உயரம்தான். அந்த 7.5 செ.மீ.யை எட்டக் குனியும்போது கீழ்முதுகு வளைகிறது. தட்டுக்கு அடியில் அதே உயரத்துக்குப் பலகை வையுங்கள், அதன் மேல் பழைய டயர் ரப்பர்.

மணல் மூட்டைக்கு உரச் சாக்கு நல்லது, நன்றாகக் கழுவி, உள்ளே தடித்த பிளாஸ்டிக் பை போட்டு. காய்ந்த மணல் 12 லிட்டருக்குச் சற்று மேல் போட்டால் 20 கிலோ. 5 லிட்டர் தண்ணீர்ப் புட்டி 5 கிலோ. களைக்கொல்லி டின்னை மட்டும் எத்தனை முறை கழுவினாலும் தொடாதீர்கள்.

மழையும் புகைமூட்டமும் தனிக் கணக்கு. சாயங்காலம் இடி கேட்டால் திடலில் இரும்பைக் கையில் வைத்திருக்கக் கூடாது. காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு, அதான் ஐ.பி.யு., 100-ஐத் தாண்டினால் வெளியே ஓட வேண்டாம், 200-ஐத் தாண்டினால் வீட்டுக்குள்ளும் மூச்சிரைக்கும் பயிற்சி வேண்டாம். பயிற்சிக்கு முன்னும் பின்னும் உங்கள் உடல் எடையைத் தராசில் பாருங்கள். 1 கிலோ குறைந்தால் ஏறக்குறைய 1 லிட்டர் வியர்வை போயிருக்கிறது.

சாப்பாடு

தசை வளர, உடல் எடையில் கிலோவுக்கு நாளைக்கு 1.6 கிராம் புரதம் என்பது 2018-இல் வந்த தொகுப்பாய்வின் கணக்கு. அதற்கு மேல் சாப்பிட்டால் கூடுதல் பயன் அவ்வளவாக இல்லை. 65 கிலோ ஆளுக்கு 104 கிராம். மூன்று முட்டையில் 18, 100 கிராம் தெம்பேயில் (புளிக்கவைத்த சோயாக் கட்டி) 19, சமைத்த கோழிக்கறி 150 கிராமில் 40 சொச்சம், ஒரு கிளாஸ் பாலில் 8, கெட்டியான பருப்பு ஒரு கிண்ணத்தில் 16. மீதி சோற்றிலேயே வந்துவிடும். தண்ணீர்ச் சாம்பாரைப் பருப்புக் கணக்கில் சேர்க்காதீர்கள். புரட்டாசியில் கோழிக்குப் பதில் தெம்பேயை இரண்டு மடங்காக்கி, தௌஹு (சோயாப் பாற்கட்டி) சேர்த்தால் போதும். டின் பவுடர் வாங்காமலேயே ஆகிற காரியம் இது.

மாமாக் கடைக்குப் போகாதீர்கள் என்று சொல்லப் போவதில்லை. ரொட்டி சானாய் இரண்டோடு அரைவேக்காட்டு முட்டை இரண்டு சொல்லுங்கள், தே தாரேக்கில் சீனியைக் குறைக்கச் சொல்லுங்கள். விடியற்காலைப் பந்தாட்டம் பார்த்து ஐந்து மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கிய நாளில் எடையை அப்படியே வைத்துச் செட்டைப் பாதியாக்குங்கள். பயிற்சியையே விடுவதைவிட அது மேல்.

ஊர் வாய்

"ஏம்பா, படிக்கிற புள்ளைக்கு எதுக்கு இந்த இரும்பு?" என்று பெரியம்மா கேட்டால் விளக்கம் கொடுக்க வேண்டாம். அடுத்த முறை கேஸ் தோங் (சிலிண்டர்) வரும்போது நீங்களே தூக்கி அடுப்படியில் வைத்துவிட்டு வாருங்கள். கோயில் திருவிழாவுக்குப் பந்தல் கால் தூக்கவும் முதல் ஆளாக நில்லுங்கள். உடம்பு எதற்கு என்று ஊர் கேட்கும் கேள்வி அதோடு அடங்கும். கும்பல் பேச்சு வேறு மாதிரி. அதற்கு, எங்கே யாரோடு பயிற்சி செய்கிறீர்கள் என்பதை மறைக்காமல் இருப்பதே மருந்து. பாலாய் ராயாவிலோ (ஊர்ப் பொது மண்டபம்) தமிழ்ப்பள்ளித் திடலிலோ எல்லோரும் பார்க்கச் செய்யுங்கள்.

பெண் பிள்ளைகளுக்கு: "ஆம்பள மாதிரி ஆயிருவ" என்பதில் உண்மை இல்லை. பெண் உடம்பில் டெஸ்டோஸ்டிரோன் பல மடங்கு குறைவு. அட்டவணையில் எதையும் மாற்ற வேண்டியதில்லை, சின்னத் தட்டு மட்டும் இன்னும் முக்கியம். அக்கா, தங்கை, சித்தப்பா மகள் என்று இரண்டு பேராகத் தொடங்கினால் வீட்டில் அனுமதி சுலபமாகக் கிடைக்கும்.

வாரம் ஓர் இரவு: காயும் வியர்வையும்

செஸ்பாக்சிங் என்றொரு விளையாட்டு உண்டு. அதன் முதல் உலகப் போட்டி 2003-இல் ஆம்ஸ்டர்டாமில் நடந்தது. 11 சுற்று: ஆறு செஸ், ஐந்து குத்துச்சண்டை, மாறி மாறி. குத்துச்சண்டையை எடுத்துவிட்டு உடற்பயிற்சிச் சுற்றை வைத்தால் பாலாய் ராயாவில் யாரும் ஆடலாம். சுற்று 3 நிமிடம், இடையில் 1 நிமிடம், மொத்தம் 43 நிமிடம். செஸ் கடிகாரத்தில் ஆளுக்கு 9 நிமிடம். பயிற்சிச் சுற்றில் கயிறு தாண்டல், தண்டால், மணல் மூட்டையோடு ஸ்குவாட், ஒவ்வொன்றும் 1 நிமிடம்.

முதல் இரவில் தப்பாகப் போவது இதுதான்: பயிற்சியில் முழுமூச்சாக இறங்கியவர் மூச்சு வாங்க உட்கார்ந்து, அடுத்த நகர்விலேயே ராணியைக் கொடுப்பார். ஆகையால் ஒரு நிமிட இடைவேளையில் பேசாமல், மூக்கால் இழுத்து வாயால் மெதுவாக விடச் சொல்லுங்கள். ஈரக் கையில் லேசான பிளாஸ்டிக் காய் தட்டிவிடும். அடியில் எடை வைத்த காயும் பலகைக்குப் பக்கத்தில் துண்டும் வேண்டும். மேசையைக் கயிறு தாண்டும் இடத்திலிருந்து நாலு அடி தள்ளிப் போடுங்கள். சுற்று முடியும்போது நிலையைக் கைப்பேசியில் படம் பிடித்துவிடுங்கள், காய் சிதறினால் சண்டை வராது. செஸ்ஸில் ஒருவரே எப்போதும் ஜெயித்தால் அவருக்கு 9-க்குப் பதில் 6 நிமிடம். தண்டாலில் ஒருவரே ஜெயித்தால் அவர் மூட்டையில் 5 கிலோ கூடுதல்.