ஜீஇசட் லாகில் தேடினால் ஒன்றும் வரவில்லையா?

கோத்தகிரியில் ஒரு தேயிலைக் கிடங்கின் சர்வரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். மழைக்காலத்தில் லைன் மேல் மரம் விழுந்து கரண்ட் போகும், மறுநாள் "நேத்து ராத்திரி என்ன ஆச்சு?" என்று போன் வரும். பதில் லாகில் (சர்வர் நடந்ததை எழுதி வைக்கும் ஃபைல்) இருக்கும், ஆனால் பழைய லாக் ஜீஇசட் என்று முடியும் பெயரில் சுருக்கி வைக்கப்பட்டிருக்கும்.

முதல் தப்பு, சுருக்கிய ஃபைலில் வெறும் கிரெப் (ஃபைலுக்குள் எழுத்தைத் தேடும் கட்டளை) போடுவது. உள்ளே படிக்கும்படி எழுத்தே இல்லாததால் கிடைக்காது. இசட்கிரெப் போடுங்கள், அது சுருக்காத ஃபைலையும் சேர்த்தே படிக்கும். எக்ஸ்இசட் என்று முடிந்தால் எக்ஸ்இசட்கிரெப், பிஇசட்2 என்றால் பிஇசட்கிரெப். ஃபோல்டர் முழுக்கத் தேட இசட்கிரெப்பில் மைனஸ் ஆர் வேலை செய்யாது, ஃபைண்ட் (ஃபைல்களைக் கண்டுபிடித்துத் தரும் கட்டளை) வழியாகத்தான் கொடுக்க வேண்டும்.

"பைனரி ஃபைல் மேட்சஸ்" என்று மட்டும் சொல்லி வரியைக் காட்டாவிட்டால் மைனஸ் ஏ சேருங்கள், சரியாகிவிடும்.

"அன்எக்ஸ்பெக்டட் எண்ட் ஆஃப் ஃபைல்" வந்தால் சுருக்கும்போதே கரண்ட் போயிருக்கலாம் (எங்கள் ஊரில் முதல் சந்தேகம் அதுதான்). ஃபைல் முழுசாக இருக்கிறதா என்று ஜிஜிப் மைனஸ் டி சோதித்துச் சொல்லும். அறுந்த இடம் வரை இசட்கேட் (சுருக்கியதை விரித்துக் காட்டும் கட்டளை) பெரும்பாலும் காட்டிவிடும், அசல் ஃபைலும் அழியாமல் பக்கத்திலேயே கிடக்கலாம், அதையும் பாருங்கள்.

எல்லாம் சரி, ஆனாலும் வரவில்லையா? நேரத்தைப் பாருங்கள். சர்வர் யூடிசியில் (உலகப் பொது நேரம், நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால்) ஓடினால் நம் ராத்திரி 2 மணி அங்கே முந்தின நாள் 20:30, நான் தப்பான தேதியில் ஒரு மணி நேரம் தேடியிருக்கிறேன். அதோடு ஃபைல் பெயரில் தேதி இருந்தால் அது பெரும்பாலும் பழைய லாகை ஒதுக்கிப் புதியதைத் தொடங்கிய தேதி, உள்ளே வரிகளை எழுதிய தேதி இல்லை.